ஏட்டை மூடிவைத்த ஆசிரியை

ஹெலன் கெல்லரின் பெயரைக் கேள்விப்படாத பள்ளிப் பிள்ளைகள் குறைவு. பாடநூல்களில் இடம்பெறும் அவ்வரலாற்றில், தண்ணீர்க் குழாயடியில் ஒரு சிறுமியின் கையைப் பற்றியபடி நிற்கும் இளம்பெண் ஒருவர் வருவார். சிறுமியின் உள்ளங்கையில் எழுத்துகளை எழுதிக் காட்டுவார். சிறுமி சொல்லின் பொருளை உணர்வாள். அத்துடன் அந்த இளம்பெண் பெரும்பாலும் கதையை விட்டு மறைந்துவிடுவார். குழாயடி நிகழ்ச்சி நடந்தது 1887 ஏப்ரல் 5ஆம் நாள். அதன்பின் ஐந்து நாள் கழித்து அந்த இளம்பெண் தம் தோழிக்கு ஒரு கடிதம் எழுதினார். கால அட்டவணை போட்டுப் பாடம் நடத்துவதை இனி விட்டுவிடப் போவதாக அக்கடிதம் தெரிவித்தது. குழாயடியில் நிகழ்ந்தது ஒரு கணத்தின் விளைவு. கடிதத்தில் இருந்தது ஒரு முடிவு. அம்முடிவை எடுத்தவர் ஆன் சல்லிவன். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று நிறைய நான்கு நாட்கள் இருந்தன. ஆசிரியப் பயிற்சி என்று எதையும் அவர் பெற்றிருக்கவில்லை.

ஆன் சல்லிவன் 1866 ஏப்ரல் 14இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃபீடிங் ஹில்ஸ் என்ற சிற்றூரில் பிறந்தார். பெற்றோர் அயர்லாந்திலிருந்து பிழைப்புத் தேடிக் குடியேறியவர்கள், வறுமையில் உழன்றவர்கள். ஐந்து வயதளவில் ட்ரக்கோமா என்னும் கண்நோய் சிறுமியைப் பற்றியது. எட்டு வயதில் தாய் காசநோயால் இறந்தார். தந்தை குடிக்கு அடிமையானவர். பிள்ளைகளைக் காக்க இயலாமல் கைவிட்டார். 1876 பிப்ரவரியில் ஆனும் அவருடைய தம்பி ஜிம்மியும் டியூக்ஸ்பரி என்ற இடத்தில் அரசு நடத்திய ஏழையர் விடுதியில் சேர்க்கப்பட்டனர். இடுப்பெலும்பில் காசநோய் கண்டிருந்த தம்பி சில மாதங்களிலேயே அங்கு இறந்தான். முதியோரும் நோயாளிகளும் மனநிலை பிறழ்ந்தவர்களும் ஒன்றாக அடைக்கப்பட்டிருந்த அவ்விடுதியில், பார்வை மங்கிய சிறுமி நான்கரை ஆண்டுகள் வளர்ந்தாள்.

கண்ணில்லாதவர்க்கும் பள்ளி உண்டு என்று அங்கிருந்த யாரோ சொல்லக் கேட்டாள். 1880ஆம் ஆண்டு விடுதியைப் பார்வையிட அரசுக் குழு ஒன்று வந்தது. குழுவின் தலைவர் சான்பார்ன் என்பவர் என்பது மட்டும் அவளுக்குத் தெரியும். கூட்டத்தில் அவர் யாரென்று அடையாளம் காணக் கண் உதவவில்லை. குழுவினர் வாயிலை நெருங்கும் நேரத்தில் அக்கூட்டத்திற்குள் பாய்ந்து, தன்னைப் பள்ளிக்கு அனுப்புமாறு கதறினாள். அக்கதறல் பலித்தது. அதே ஆண்டு அக்டோபரில் பாஸ்டன் நகரத்துப் பெர்க்கின்ஸ் பார்வையற்றோர் பள்ளியில் சேர்ந்தாள். வயது பதினான்கு. தன் பெயரை எழுதத் தெரியாது. உடன் அமர்ந்த பிள்ளைகள் அவளைவிடப் பல ஆண்டு இளையவர்கள். அவர்களுடைய சிரிப்பை ஆன் சல்லிவன் இறுதிவரை மறக்கவில்லை. பின்னாளில் நிபுணர்களிடத்தும் நிறுவனங்களிடத்தும் அவர் காட்டிய கடுமைக்கு வேர் எங்கே என்று தேடுவோர் இந்த வகுப்பறையைக் கடந்து செல்ல முடியாது.

பள்ளியில் இருந்த காலத்தில் செய்யப்பட்ட அறுவை மருத்துவத்தால் பார்வை ஓரளவு திரும்பியது. நூல்களைக் கண்ணாலேயே படிக்க முடிந்தது. அதே பள்ளியில் லாரா பிரிட்ஜ்மன் என்னும் அம்மையார் வாழ்ந்து வந்தார். குழந்தைப் பருவத்திலேயே பார்வையும் செவியும் இழந்த அவர், 1837இல் பள்ளியின் முதல்வர் டாக்டர் ஹோ அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டவர். உள்ளங்கையில் விரலால் எழுத்துகளை உணர்த்தும் முறையில் அவருக்கு மொழி கற்பிக்கப்பட்டது. அச்செய்தி அந்நாளில் உலகெங்கும் பரவியது. முதிய லாராவுடன் பேசுவதற்காகவே ஆன் அந்த விரலெழுத்தைக் கற்றார். 1886இல் தம் வகுப்பின் முதல் மாணவியாகத் தேறி வெளியே வந்தார். அடுத்து எங்குச் செல்வது என்பதுதான் தெரியவில்லை. திரும்பிச் செல்ல வீடு இல்லை.

அந்தக் கோடையில் அலபாமா மாநிலத்து டஸ்கம்பியா என்னும் ஊரிலிருந்து பெர்க்கின்ஸ் பள்ளிக்கு ஒரு வேண்டுகோள் வந்தது. எழுதியவர் கேப்டன் ஆர்தர் கெல்லர். அவருடைய மகள் ஹெலன் பத்தொன்பது மாதக் குழந்தையாக இருந்தபோது கடுங்காய்ச்சலில் பார்வையையும் செவியையும் ஒருங்கே இழந்தவள். தொலைபேசியைக் கண்டவரும் செவிப்புலனற்றோர் கல்வியில் பேரார்வம் கொண்டவருமான அலெக்சாந்தர் கிரகாம் பெல்லின் யோசனைப்படி அவர் பெர்க்கின்ஸ் பள்ளியை நாடினார். முதல்வர் அனக்னோஸ் ஆன் சல்லிவனைத் தேர்ந்தார். புறப்படுவதற்கு முன் சில மாதங்கள் ஆன் அம்மையார் ஒரே வேலையைச் செய்தார். டாக்டர் ஹோ லாராவைப் பற்றி எழுதி வைத்திருந்த அறிக்கைகளை, வலிக்கும் கண்களோடு வரிவரியாகப் படித்தார். பிற்காலத்தில் ஏட்டை மூடிவைத்தவர், முதலில் அதை முழுவதும் படித்தவர். இதை இவ்விடத்தில் சொல்லிவிட வேண்டியிருக்கிறது; ஏனெனில் அவர் வரலாற்றை எடுத்துக்காட்டுவோர் பலர், படிக்காமலே மூடிவிடுவதற்கு அவரைத் துணைக்கு அழைக்கின்றனர்.

1887 மார்ச் 3ஆம் நாள் அவர் டஸ்கம்பியா வந்து சேர்ந்தார். சிறுமிக்கு ஆறு வயது எட்டு மாதம். நல்ல உடல்வலிமை, யாருக்கும் அடங்காத குணம். உணவு மேசையைச் சுற்றிவந்து ஒவ்வொருவர் தட்டிலும் கையை விட்டு வேண்டியதை எடுத்துத் தின்பாள். வீட்டார் இரக்கத்தால் அதைப் பொறுத்தனர். ஆன் அம்மையார் பொறுக்கவில்லை. தம் தட்டில் கை வைக்க விடாமல் தடுத்தார். குடும்பத்தார் எழுந்து வெளியேற, கதவைப் பூட்டிவிட்டுச் சிறுமியுடன் போராடினார். கரண்டியால் உண்ணவும் கைத்துணியை மடிக்கவும் வைக்க ஏறத்தாழ ஒரு முற்பகலே கழிந்தது. மகள் அழுவதைக் காணத் தந்தைக்குப் பொறுக்கவில்லை. பெற்றோர் இடையில் இருக்கும்வரை எதுவும் கற்பிக்க இயலாது என்று கண்ட அம்மையார், தோட்டத்திலிருந்த சிறு வீட்டில் குழந்தையுடன் தனித்துத் தங்க இசைவு பெற்றார். வேறெங்கோ செல்வதாகக் குழந்தை எண்ணும்படி வண்டியில் நெடுந்தொலைவு சுற்றி அழைத்துவந்தனர். பெற்றோர் சாளரம் வழியே பார்த்துச் செல்லலாம்; குழந்தைக்குத் தெரியக் கூடாது. இரண்டு வாரங்களில் முரட்டுத்தனம் தணிந்தது.

இந்தப் பகுதியை இன்று படிக்கும்போது நெஞ்சு சற்றுத் தயங்கவே செய்யும். உடல்வலிமையால் ஒரு குழந்தையை அடக்கிய செயல் அது. அவரே தம் கடிதங்களில் அதை மறைக்கவில்லை. முதலில் பணிவு, அதன் வழியே அறிவும் அன்பும் என்பதுதான் அப்போது அவர் கொண்ட எண்ணம். அந்த எண்ணத்தோடு அவர் நின்றிருந்தால் ஒழுங்கான பழக்கங்கள் உள்ள, மொழியற்ற ஒரு சிறுமியைத்தான் பெற்றோரிடம் திருப்பித் தந்திருப்பார்.

மார்ச் மாதம் முழுவதும் பாடம் அட்டவணைப்படி நடந்தது. இன்ன மணிக்குப் புதுச் சொற்கள், இன்ன மணிக்கு உடற்பயிற்சி, இன்ன மணிக்குத் தையலும் பின்னலும் மணி கோத்தலும் என்று வகுத்திருந்தார். பெர்க்கின்ஸ் பள்ளியிலும் அந்நாளைய குழந்தைப் பள்ளிகளிலும் அவர் கண்ட ஒழுங்கு அது. பெர்க்கின்ஸ் பிள்ளைகள் அனுப்பியிருந்த பொம்மையைக் கையில் கொடுத்துப் பொம்மை என்ற சொல்லை உள்ளங்கையில் எழுதுவதில் தொடங்கிய பாடம், மாத இறுதியில் பதினெட்டுப் பெயர்ச்சொற்களையும் மூன்று வினைச்சொற்களையும் எட்டியிருந்தது. விரல்கள் கற்றன, ஆயினும் சொல் என்பது பொருளின் பெயர் என்று குழந்தைக்குத் தெரிந்திருக்கவில்லை. கோப்பையும் அதிலுள்ள பாலும் அவளுக்கு மாறிமாறிக் குழம்பின. ஏப்ரல் 5ஆம் நாள் காலை, கோப்பையைக் கையில் பிடிக்கச் செய்து, மறு கையில் குளிர்ந்த நீர் பாய்ந்து வழியும்போதே நீர் என்ற சொல்லை எழுதினார் அம்மையார். கோப்பை கீழே விழுந்தது. அன்று வீடு திரும்புவதற்குள் வழியில் கிடைத்த ஒவ்வொன்றின் பெயரையும் குழந்தை கேட்டாள். சில மணி நேரத்தில் முப்பது சொற்கள் சேர்ந்தன.

எவரும் இந்த இடத்தில் மகிழ்ந்து, வெற்றி தந்த அட்டவணையை இன்னும் இறுக்கியிருப்பர். ஆன் அம்மையார் தம் வெற்றியையே ஐயத்தோடு பார்த்தார். அந்த நாட்களில் ஹெலனின் உறவுக் குழந்தை ஒன்றை அவர் கூர்ந்து கவனித்து வந்தார். அதற்குப் பதினைந்து மாதம். மூக்கு எங்கே என்றால் காட்டும். கதவைச் சாத்தச் சொன்னால் சாத்தும். பிஸ்கோத்தைக் கொடு என்றால் கொடுக்கும். பேசத் தெரிந்த சொற்களோ மிகச் சில. அக்குழந்தைக்கு எவரும் பெயர்ச்சொல் பாடம் நடத்தவில்லை. வினைச்சொல்லுக்கு நேரம் ஒதுக்கவில்லை. பேசும் ஆற்றல் வருமுன்பே, புரிந்துகொள்ளும் ஆற்றல் காதின் வழியே நாள்தோறும் நிறைந்துகொண்டிருந்தது. ஹெலனுக்குக் காது இல்லை, கை இருக்கிறது. அப்படியானால் அந்தக் கையையே காதாகக் கொண்டு, கைக்குழந்தையிடம் தாய் பேசுவதைப் போல முழு வாக்கியங்களில் நாள் முழுதும் பேசிக்கொண்டிருந்தால் என்ன? குழந்தை ஒற்றைச் சொல்லில் விடை தரட்டும், சைகை காட்டட்டும், திருப்பிச் சொல்லாமலே இருக்கட்டும். பொருளைச் சூழ்நிலையிலிருந்து ஊகித்துக்கொள்ளும். ஏப்ரல் 10ஆம் நாள் கடிதத்தில் இருந்த முடிவு இதுதான்.

இது டாக்டர் ஹோ காட்டிய வழி அன்று. அவர் பொருள்களின்மீது மேடெழுத்துச் சீட்டுகளை ஒட்டி, சொல் பின் எழுத்து, பெயர் பின் பண்பு என்று படிப்படியாகக் கட்டியவர். அந்த அரிய உழைப்பின்றி விரலெழுத்து என்னும் கருவியே ஆன் அம்மையாருக்குக் கிட்டியிராது. கருவி ஹோவுடையது, அதைக் கையாள வேண்டிய முறையைச் சொன்னது பதினைந்து மாதக் குழந்தை.

மே மாதத்தில் அவர் இன்னும் ஒரு படி சென்றார். கொண்டுவந்திருந்த மணிகளையும் அட்டைகளையும் வைக்கோல் துண்டுகளையும் ஒதுக்கிவைத்தார். வேறு என்ன செய்வதென்று தெரியாததால்தான் அவற்றைத் தொடக்கத்தில் பயன்படுத்தியதாகத் தோழிக்கு எழுதினார். விரிவாக வகுத்த தனிமுறைகள் எல்லாமே, குழந்தைக்குச் சிந்திக்கத் தெரியாது என்ற அடிப்படையில் எழுந்தவையோ என்று ஐயம் தோன்றுவதாகவும் குறிப்பிட்டார். அதன்பின் பாட இடம் வீட்டை விட்டு வெளியே சென்றது. காட்டு மரத்தின் நிழலே வகுப்பு. டென்னசி ஆற்றங்கரையில் பழைய படகுத்துறை ஒன்று இருந்தது. அங்கே கூழாங்கற்களால் அணை கட்டினர். ஏரியும் தீவும் மலையும் மண்ணில் எழுந்தன. நிலநூல் என்று பெயர் சொல்லாமலே நிலநூல் நடந்தது. கண்ணாடிப் பாத்திரத்தில் தலைப்பிரட்டைகள் நீந்தின; சாளரத்தில் அல்லிச் செடியின் மொட்டு விரிவதைச் சிறுமி நாள்தோறும் விரலால் தொட்டறிந்தாள். ஜூன் 17ஆம் நாள் ஹெலன் தன் கைப்படப் பென்சிலால் உறவினர் ஒருவருக்கு ஒரு சிறு கடிதம் எழுதினாள். ஆசிரியை வந்து மூன்றரை மாதந்தான் ஆகியிருந்தது.

அப்போதுதான் அறிவுரைகள் வரத் தொடங்கின. அவ்வாண்டு ஜூன் மாத வெப்பத்தில் குழந்தை இளைத்தாள், இரவில் உறக்கம் கெட்டது, பசி குன்றியது, விழித்ததும் விரல்கள் எழுதத் தொடங்கிவிடும். மூளை அளவுக்கு மேல் வேலை செய்கிறது என்றார் மருத்துவர். வீட்டுக்கு வந்து போவோரும் அதையே சொன்னார்கள். சில மாதங்களுக்கு முன் இக்குழந்தைக்கு மூளையே இல்லை என்று எண்ணியவர்கள் இவர்கள்தாமே என்று ஆன் அம்மையார் தம் கடிதத்தில் எள்ளி நகைத்தார். நகைப்புக்கு அடியில் அச்சம் இருந்தது என்பதையும் அக்கடிதங்களே காட்டுகின்றன. சிந்திக்காதே என்று ஒரு குழந்தையை எப்படித் தடுப்பது? இதற்கு எவரிடமும் விடை இல்லை. அவர் தவறியிருந்தால் கெடப்போவது அவருடைய உடல் அன்று, இன்னொருவர் பெற்ற பிள்ளையின் உடல். மருத்துவரோ, உறவினரோ, அனக்னோசோ இரவில் அந்தக் குழந்தையின் அருகில் படுத்திருக்கவில்லை, அவர் படுத்திருந்தார். குழந்தை வினாக் கேட்கும்வரை விடை தருவது, கேட்பதை நிறுத்தினால் தாமும் நிறுத்துவது என்று வைத்துக்கொண்டார். தாய் கேட் கெல்லர் அவரை நம்பினார். கோடை கழிந்தது, குழந்தை தேறினாள்.

இப்படியே ஒவ்வொரு முறையும் அவர் கண்டதே சரியாயிற்று என்று எழுதிவிட்டால் அது வாழ்த்துப்பாவாகிவிடும். 1891 இலையுதிர் காலத்தில், பதினொரு வயது ஹெலன் உறைபனி மன்னனைப் பற்றி ஒரு கதை எழுதி அனக்னோஸின் பிறந்த நாளுக்குப் பரிசாக அனுப்பினாள். அவர் அதைப் பள்ளி இதழில் வெளியிட்டுப் பெருமிதம் கொண்டார். மார்கரெட் கான்பி என்பவர் பல ஆண்டுகட்கு முன் எழுதிய கதையோடு அது கருத்திலும் சொல்லிலும் ஒத்திருப்பது விரைவில் வெளிப்பட்டது. பெர்க்கின்ஸ் பள்ளியில் எண்மர் கொண்ட குழு சிறுமியை விசாரித்தது. ஆசிரியை அறையை விட்டு வெளியேற்றப்பட்டார். வாக்குகள் சரிபாதியாகப் பிரிய, அனக்னோஸ் சிறுமியின் பக்கம் நின்று தீர்த்தார்; பின்னர் மனம் மாறி இருவரையும் ஐயுற்றார். 1888 கோடையில் ஆன் அம்மையார் உடனில்லாத நாட்களில் தோழி ஒருவர் அந்த நூலை ஹெலனின் கையில் படித்துக்காட்டியிருந்தார் என்பது பின்பு தெரிந்தது. குழந்தை திருடவில்லை, கேட்டதை மறந்து, சொற்களை மட்டும் நினைவில் வைத்திருந்தாள்.

குழு நடந்துகொண்ட முறை கொடுமையானது; அதில் ஐயமில்லை. ஆயினும் அந்நிகழ்ச்சி ஆன் அம்மையாரின் முறையிலேயே இருந்த ஓர் இடைவெளியைத் திறந்து காட்டியது. எல்லாவற்றையும் ஓயாமல் கையில் கொட்டிக்கொண்டே இருந்தால், எது தன் எண்ணம், எது பிறர் சொல் என்று பிரித்தறியச் சிறுமிக்கு வழி ஏது? அவளுக்கு உலகம் வந்து சேர்ந்த வாயில் ஒன்றே. இதே வினாவை 1933இல் பார்வையற்ற உளநூலறிஞர் தாமஸ் கட்ஸ்ஃபோர்த் வேறு வடிவில் எழுப்பினார். பார்வையுள்ளோரின் நிறச்சொற்களும் காட்சிச்சொற்களும் ஹெலனின் எழுத்தில் நிரம்பியிருப்பது, சொந்த அனுபவத்தைத் தள்ளிவிட்டு இரவல் சொல்லைக் கொடுத்த கல்வியின் விளைவு என்பது அவர் கருத்து. அக்கருத்து கடுமையானது, முற்றிலும் தவறென்று தள்ளவும் முடியாதது. பேச்சுப் பயிற்சியிலும் ஆன் அம்மையார் முழு வெற்றி காணவில்லை. 1890இல் சாரா ஃபுல்லர் என்னும் ஆசிரியையிடம் ஹெலன் வாய்ப்பேச்சு கற்கத் தொடங்கினார்; பல்லாண்டுகள் இருவரும் பாடுபட்டும், அந்தக் குரல் புதியோர்க்கு எளிதில் விளங்கும் தெளிவை எட்டவில்லை.

மிகப் பெரிய மோதல் 1897இல் நேர்ந்தது. ராட்கிளிஃப் கல்லூரியில் சேரும் நோக்கத்தோடு ஹெலன் முந்திய ஆண்டு அக்டோபரில் கேம்பிரிட்ஜ் மகளிர் பள்ளியில் சேர்ந்திருந்தார். தந்தை 1896 ஆகஸ்டில் காலமாகியிருந்தார். வகுப்பில் ஆசிரியர் சொல்வது ஒவ்வொன்றையும் ஆன் அம்மையார் அருகிலிருந்து கையில் எழுதினார். பள்ளித் தலைவர் ஆர்தர் கில்மன் நல்ல மனத்தோடு தொடங்கியவர். ஹெலனுக்காகத் தாமே விரலெழுத்துக் கற்று, முதல்நிலைத் தேர்வின் வினாத்தாள்களை அவர் கையில் எழுதிக் காட்டினார். ஒன்பது மணி நேரத் தேர்வுகளில் ஹெலன் எல்லாவற்றிலும் தேறினார். ஜெர்மானிய மொழியிலும் ஆங்கிலத்திலும் சிறப்பும் பெற்றார்.

இரண்டாம் ஆண்டில் கணக்கு, இயற்பியல், கிரேக்கம், லத்தீன் முதலியன ஒன்றாக வந்தன. மேடெழுத்து நூல்கள் உரிய காலத்தில் வந்து சேரவில்லை. நவம்பரில் ஹெலன் சில நாள் உடல் நலம் குன்றினார். ஆசிரியை மாணவியை வாட்டுகிறார் என்று கில்மன் முடிவு கட்டினார். கல்லூரிக்குச் செல்ல மேலும் மூன்றாண்டு வேண்டும் என்று பாடங்களைக் குறைத்தார். ஆன் அம்மையார் ஒப்பவில்லை. கில்மன் ஹெலனின் தாய்க்கு எழுதினார். பத்தாண்டு முன் ஆசிரியையை நம்பிய அதே தாய், கல்வித்துறையில் பெயர்பெற்ற ஒருவரின் கடிதத்தைக் கண்டு கலங்கி, மகளின் பொறுப்பை அவரிடம் விட இசைந்தார். மாணவியிடமிருந்து ஆன் அம்மையார் பிரிக்கப்பட்டார். அந்த இரவில் சார்ல்ஸ் ஆற்றில் விழுந்துவிடலாமா என்று எண்ணியதாகப் பின்னாளில் தம் வரலாற்றை எழுதியவரிடம் அவர் சொல்லியிருக்கிறார். விழாமல் திரும்பிச் சென்று, ஹெலனைக் காணாமல் அகலேன் என்று நின்றார். தாய்க்குத் தந்தி பறந்தது. கேட் கெல்லர் அலபாமாவிலிருந்து விரைந்து வந்தார். ஹெலன் உண்ணாமலும் உறங்காமலும் இருப்பதை நேரில் கண்டார், மகளிடம் பேசினார், இரு மகளிரையும் பள்ளியிலிருந்து விலக்கி ஆன் அம்மையாருடன் அனுப்பினார். கடிதத்தை நம்பியவர், நேரில் கண்டதும் மாறினார்.

கில்மன் சொன்னது முழுதும் பொய் அன்று. ஆன் அம்மையார் விரைவுபடுத்துபவர்தாம்; பொறுமை குறைந்தவர்தாம்; தம் மாணவியின் வெற்றியில் தம் பெருமையும் கலந்திருந்தது. ஆனால் கில்மன் பாடச்சுமையை அளந்தாரே அன்றி, இருவரையும் பிரிப்பதால் ஏறும் சுமையை அளக்கவில்லை.

அதன்பின் நடந்தது வீட்டுக் கல்வி. ரென்தம் என்னும் சிற்றூரில் நண்பர் சேம்பர்லின் இல்லத்தில் இருவரும் தங்கினர். 1898 பிப்ரவரி முதல் மெர்ட்டன் கீத் என்னும் ஆசிரியர் வாரம் இருமுறை அங்கு வந்து கணக்கும் கிரேக்கமும் லத்தீனும் கற்பித்தார். அக்டோபரில் பாஸ்டன் திரும்பியபின் வாரம் ஐந்து நாள், நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் என எட்டு மாதம் பாடம் நடந்தது. வகுப்பில் கற்றதைவிட இது தமக்கு எளிதாகவும் இனிதாகவும் இருந்ததாக ஹெலன் பின்னர் எழுதினார். அவசரம் இல்லை, விளங்காத இடத்தில் நிற்கலாம், விளங்கியபின் நகரலாம். நிபுணரை எதிர்த்து வெளியேறிய ஆன் அம்மையார், கணக்கில் தமக்கு எட்டாததை வேறொரு நிபுணரிடம் ஒப்படைத்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். கீத், மாணவியின் வேகத்தைப் பார்த்துப் பாடத்தை வகுத்தார். அதனால் அவரோடு சண்டை எழவில்லை.

1899 ஜூன் இறுதியில் இறுதிநிலை நுழைவுத் தேர்வு. இம்முறை ஆன் அம்மையார் வினாத்தாளைப் படித்துக்காட்டக் கல்லூரி இசையவில்லை. பெர்க்கின்ஸ் ஆசிரியர் ஒருவர் வினாக்களை அமெரிக்கப் பிரெயிலில் பெயர்த்துத் தந்தார். மொழிப்பாடங்களில் தடையில்லை. இயற்கணிதக் குறியீடுகளோ ஹெலன் பழகிய ஆங்கில முறையிலிருந்து வேறுபட்டவை. தேர்வுக்கு இரண்டு நாள் முன்புதான் அது தெரியவந்தது. குறியீட்டு அட்டவணையை அவசரமாக வரவழைத்து, முந்திய இரவுவரை அடைப்புக்குறிகளோடும் வர்க்கமூலக் குறியோடும் போராடினார். அப்படியும் தேறினார். 1900 இலையுதிர் காலத்தில் ராட்கிளிஃப் கல்லூரியில் சேர்ந்தார். கில்மன் கணித்த மூன்றாண்டுக் காலம் முடியும் தறுவாயில்தான் அது நிகழ்ந்தது என்பதும் ஒரு வேடிக்கை. 1904இல் சிறப்புடன் பட்டம் பெற்றார்.

அந்நான்கு ஆண்டுகளும் ஒவ்வொரு விரிவுரையிலும் ஆன் அம்மையார் அருகில் அமர்ந்து கையில் எழுதினார். பிரெயிலில் இல்லாத நூல்களை நாளொன்றுக்குப் பல மணி நேரம் தம் பழுதுற்ற கண்களால் படித்துச் சொன்னார். கண் மருத்துவர்கள் எச்சரித்தனர். இந்த அறிவுரையையும் அவர் கேட்கவில்லை. இதில் மருத்துவர்கள் சொன்னதே சரி. மாணவி பட்டம் பெற்ற நாளில் ஆசிரியைக்குப் பட்டம் எதுவும் இல்லை.

1903இல் ஹெலனின் தன்வரலாறு நூலாக வந்தபோது, டஸ்கம்பியாவிலிருந்து ஆன் அம்மையார் எழுதிய கடிதங்களும் அதில் இடம்பெற்றன. பதிப்பித்தவர் ஜான் மேசி. 1905இல் அவரையே அம்மையார் மணந்தார். சில ஆண்டுகளில் அம்மணவாழ்வு பிரிவில் முடிந்தது. கிரகாம் பெல் அவருடைய கடிதங்களையும் முறையையும் தொடக்கமுதலே போற்றி, அவற்றை ஆசிரியர்கட்கு எழுதித் தருமாறு தூண்டி வந்தார். ஆயினும் ஆன் அம்மையார் தம் பெயரால் ஒரு பள்ளியை நிறுவவில்லை. ஒரு முறையை வகுத்து நூலாக்கவில்லை. இன்னொரு குழந்தைக்கு அது பொருந்துமா என்பதை அக்குழந்தையைப் பார்க்காமல் எப்படிச் சொல்வது என்பதே தடையாக இருந்திருக்கலாம்.

1929இல் வலி தாளாமல் ஒரு கண்ணை அகற்ற வேண்டியதாயிற்று. டெம்பிள் பல்கலைக்கழகம் அளிக்க முன்வந்த சிறப்புப் பட்டத்தை முதலில் மறுத்தார். 1932இல் நண்பர்களின் வற்புறுத்தலால் ஏற்றார். கடைசி ஆண்டுகளில் மறு கண்ணும் இருண்டது. ஐம்பதாண்டு முன் மறந்திருந்த பிரெயிலை மீண்டும் பழக வேண்டிய நிலை வந்தது. இம்முறை கற்பித்தவர் ஹெலன். ஆசிரியை நல்ல மாணவியாக இல்லை. எழுத்துகளைத் தடவும் பொறுமை அவருக்கு இருக்கவில்லை. 1936 அக்டோபர் 20ஆம் நாள் நியூயார்க்கின் ஃபாரஸ்ட் ஹில்ஸ் இல்லத்தில் அவர் உயிர் நீத்தபோது, அவருடைய கை ஹெலனின் கைக்குள் இருந்தது.